மூட்டையின் முதுகுத் தையல்

அப்பாவின் கண்ணாடி அலமாரியில், வரிசையாக நிற்கும் கேடயங்களுக்கு நடுவே, ஒரு பழைய வீடியோ கேம் கருவி இருக்கிறது. மடக்கித் திறக்கிற வகை. ஒரு பக்கத்துக் கீல் உடைந்துபோய், கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேடயங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்து அதன் முன்னால் நின்றுவிடுவார்கள். பேத்தியின் விளையாட்டுச் சாமான் இடம் மாறி வந்துவிட்டது என்று நினைத்துச் சிலர் எடுத்துக் கொடுக்கக்கூடக் கை நீட்டியிருக்கிறார்கள். "அதுவும் கேடயந்தாங்க. மத்ததெல்லாம் நான் தீர்ப்பு சொன்னதுக்குக் கொடுத்தது. இது நான் தீர்ப்பை மாத்தினதுக்கு" என்பார் அப்பா. வந்தவர்களுக்கு ஒன்றும் புரியாது, அவரும் விளக்க மாட்டார். விளக்குகிற வேலை எப்போதும் எனக்குத்தான் வரும். நானும் சலிக்காமல் சொல்வேன். அந்தக் கதையில் தோற்றவன் நான். கோர்ட்டில் எத்தனையோ வழக்குகளில் ஜெயித்திருக்கிறேன், அதையெல்லாம் யாரிடமும் இப்படிக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னதில்லை.

அப்பாவுக்கு மலைக்கோட்டைக்குக் கீழே, சின்னக் கடை வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் துணிக்கடை. துண்டு, லுங்கி, போர்வை என்று மொத்த வியாபாரம். நாங்கள் இருந்தது ஸ்ரீரங்கத்தில், கீழச் சித்திரை வீதியில். காலையில் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் போய் அதிலேயே திரும்பி வருகிற அந்த மனிதருக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு, பட்டிமன்றம். பொங்கல் விழா, ஆயுத பூஜை, தெருக்காரர்களின் ஆண்டு விழா என்று எங்கே மேடை போட்டாலும் நடுவர் நாற்காலி அவருக்குத்தான். அந்தக் கிறுக்கு மேடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மிக்ஸியை ரிப்பேர் செய்வதா, புதிது வாங்குவதா? கோடை விடுமுறைக்கு வையம்பட்டிப் பெரியப்பா வீடா, கொடைக்கானலா? எங்கள் வீட்டில் எந்த விஷயமும் சண்டையாக முற்றுவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பட்டிமன்றமாகிவிடும். அப்பா எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் தட்டுவார், அதுதான் மணி. ஒருமுறை தட்டினால் ஆரம்பிக்கலாம், இரண்டாவது முறை தட்டினால் வாயை மூட வேண்டும். அண்ணா, பாப்பா என்ற உறவெல்லாம் அந்த நேரத்தில் செல்லாது. "எதிரணித் தலைவர் அவர்களே" என்றுதான் கூப்பிட வேண்டும். நடுவர் எந்தக் காலத்திலும் தன் கட்சி எதுவென்று காட்டக்கூடாது. சொன்ன தீர்ப்பு சொன்னதுதான். அம்மா மட்டும் இந்தச் சட்டதிட்டத்துக்குள் வரமாட்டாள். "தீர்ப்பு சொல்லிட்டு அப்படியே இந்தத் தக்காளிய நறுக்கிக் கொடுங்க" என்று குறுக்கே தட்டை நீட்டுவாள்.

என் தங்கைக்கும் எனக்கும் ஐந்து வயது வித்தியாசம். அவளோடு மோதிய பட்டிமன்றங்களில் நான் தோற்றதே இல்லை. எனக்கு வாய் நீளம், சபையைச் சிரிக்கவைக்கத் தெரியும். அவள் நிதானமாகப் பேசுவாள். சொல்ல வந்ததை முழுவதும் யோசித்து முடித்த பிறகுதான் வாயைத் திறப்பாள். அதற்குள் அப்பா இரண்டாவது முறை தட்டிவிடுவார்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா ஒரு தடவை ஊருக்கு வந்தபோது அந்தக் கருவியைக் கொண்டுவந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று, அதற்குள் ஒரே ஒரு ஆட்டம். ஊர் ஊராகப் போய் விதவிதமான ஜந்துகளைப் பிடித்து, வளர்த்து, மற்றவர்களின் ஜந்துகளோடு மோதவிட வேண்டும். அவற்றின் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை, நாங்களே பெயர் வைத்தோம். வாலில் மின்னல் தெறிக்கும் நீலச் சிறுத்தைக்கு நீலன். உடம்பில் ஓர் இறகுகூட இல்லாமல், உரித்த கோழி போல இளஞ்சிவப்பாகத் திரிகிற பறவைக்கு வழுக்கை. சாம்பல் நிறச் சாக்குமூட்டையாக, கட்டிய வாய்க்குக் கீழே ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்திருக்கும் ஒன்றுக்கு மூட்டை. நகரச் சொன்னால் நகராது, அடிக்கச் சொன்னால் மேலே விழும். என் வகுப்பில் அந்த ஆட்டம் வைத்திருந்த நாலைந்து பேரில் மூட்டையைப் பிடித்து வைத்திருந்தவன் ஒருவன்கூட இல்லை. அதை வரைந்தவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வரைந்திருப்பான் என்று பேசிக்கொள்வோம். ஒரு சமயத்தில் ஆறு ஜந்துகளைத்தான் கூட வைத்துக்கொள்ள முடியும். அதில் மூன்று எனக்கு, மூன்று அவளுக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தோம். அவளுடைய மூன்றில் ஓர் இடம் எப்போதும் மூட்டைக்கு. என் ஆட்டத்தில் அவளுடைய மூன்றை நான் தொட்டதே கிடையாது.

அவளுக்கு மூட்டையின்மேல் இரக்கம் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது இல்லை. ஒருநாள் காவிரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றுவிட்டபோது அவளே சொன்னாள். "அண்ணா, எனக்கு ஒண்ணும் அது பாவம்னு தோணலை. அதை யாரோ ரொம்ப யோசிச்சு செஞ்சிருக்காங்க. என்ன யோசிச்சாங்கன்னு கண்டுபிடிக்கணும், அவ்வளவுதான்." ஆளாளுக்கு ஜன்னல் வழியாகக் காவிரியில் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பஸ்ஸில், பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண் சாக்குமூட்டைக்காக வாதாடிக்கொண்டு வந்தாள். வழுக்கை ஏன் வழுக்கையாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னாள். அது கிடைக்கிற இடம் கொதிக்கிற ஏரிக்கரை. அங்கே இறகு இருந்தால் நாள் முழுக்க நனைந்து நாறிப்போகும். அதே ஏரியின் மீன்களுக்குத் தோல் தடித்திருக்கிறது, கரையில் இருக்கும் மரங்களுக்கு இலையே இல்லை. "தனியா எடுத்துப் பார்த்தா அசிங்கம். அந்த ஏரியோட சேர்த்துப் பார்த்தா அது வேற எப்படி இருக்க முடியும், சொல்லு?" என்றாள். நான் ஏதோ கேலி செய்து சமாளித்தேன். ஆனால் அந்த ஏரிக்கரையை நான் எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன், மரங்களுக்கு இலை இல்லாததைக் கவனித்ததில்லை.

அவள் பிளஸ் டூ முடித்தபோது நான் சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். திருச்சியைச் சுற்றி இன்ஜினியரிங் காலேஜுக்குக் குறைவில்லை. மதிப்பெண்ணும் இருந்தது. அப்பா மனசுக்குள் இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டார். அவளோ யாருக்கும் தெரியாமல் வெளியூர் டிசைன் கல்லூரி ஒன்றுக்கு நுழைவுத் தேர்வு எழுதித் தேறியிருந்தாள். இந்த மாதிரி ஜந்துகளை உருவாக்குகிற வேலைக்குப் போகப் போகிறேன், அதற்கு அங்கேதான் படிக்க வேண்டும் என்றாள். சேர்வதா இல்லையா என்று சொல்ல இரண்டு வாரம்தான் இருந்தது. அப்பா கத்தவில்லை, அவருக்குக் கத்த வராது. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "பாப்பா, பொம்மை வரையறதுல யோசனைன்னு ஒண்ணு இருக்கான்னு எனக்குத் தெரியணும். இருக்குன்னா அனுப்பறேன். இல்லேன்னா இங்கயே படி" என்றார். ஞாயிற்றுக்கிழமைக்குத் தலைப்பும் அவரே கொடுத்தார். பலருக்கும் பிடிக்காத ஜந்துகள் பிறப்பது சோம்பலிலா, சிந்தனையிலா? சிந்தனைக் கட்சி அவள், சோம்பல் கட்சி நான்.

சனிக்கிழமை அவளைத் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்சம் அடக்கி வாசிக்கட்டுமா என்று கேட்டேன். முறைத்தாள். "நீ விட்டுக்கொடுத்தா அப்பாவுக்கு உடனே தெரிஞ்சிடும். அப்புறம் நான் சொல்ற எதையும் அவர் நம்ப மாட்டார். நீ ஒழுங்கா பேசு, நான் பார்த்துக்கறேன்." அப்படிச் சொன்னபோது அவள் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் சபை கூடியது. அம்மா, மாடி வீட்டு மாமா, மாமி, எதிர்வீட்டுக்காரர்கள். முதலில் நான் பேசினேன். நன்றாகவே பேசினேன், இன்றைக்கும் அதில் எனக்குக் கர்வம் உண்டு. "ஒரு மூட்டைக்குக் கண் வரைஞ்சா அது ஜந்துன்னா, எங்க வீட்டு கேஸ் சிலிண்டருக்குக் கண் வரைஞ்சா அதுவும் ஜந்து. அம்மாவோட குக்கருக்குக் கண்கூடத் தேவையில்லை, அது ஏற்கெனவே கத்துது" என்றதும் எதிர்வீட்டுக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். தங்கை எழுந்தாள். சிறுத்தை ஏற்கெனவே காட்டில் இருக்கிறது, அதற்கு நீலம் பூசியவருக்கு வேலை குறைவு என்று ஆரம்பித்தாள். உயிரே இல்லாத ஒன்றுக்கு உயிர் கொடுக்கிறவர்தான் ஒவ்வொன்றாக யோசித்தாக வேண்டும். மூட்டைக்கு வாய் கட்டியிருக்கிறது, அதனால் அது தின்பதில்லை. தின்னாததால் தெம்பில்லை, அதனால்தான் மெதுவாக நகர்கிறது. துறைமுக ஊரின் கிட்டங்கியில்தான் கிடைக்கும், அங்கே வேறு எந்த ஜந்தும் கிடையாது, சரக்கு மூட்டைகளோடு ஒன்றாக உட்கார்ந்திருப்பதால் அது ஒளிந்துகொள்ள அவசியமே இல்லை. கடைசியாக ஒன்று சொன்னாள். மோதலின்போது நம்முடைய ஜந்தின் முதுகுதான் நமக்குத் தெரியும். மூட்டை அடி வாங்கி, விழுந்துவிடுகிற நிலைக்கு வரும்போது மட்டும் அதன் முதுகில் ஒரு தையல் தெரிகிறது. "இதை யாரும் வளர்க்க மாட்டாங்க, முதுகை யாரும் பார்க்க மாட்டாங்கன்னு செஞ்சவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் அந்தத் தையலைப் போட்டிருக்காங்க. சோம்பேறி அதைப் போடுவானா, நடுவர் அவர்களே?"

தோற்றுவிடுவேனோ என்று எனக்கே ஒரு கணம் பயம் வந்தது. மாடி வீட்டு மாமி எழுந்துவிட்டார். "கருட சேவைக்கு வர கூட்டம் யாளி வாகனத்துக்கு வரதில்லே. அதுக்காக யாளி வாகனம் பண்ணினவன் சோம்பேறின்னு சொல்லிடுவேளா?" சபையோர் பேசக்கூடாது என்று அப்பா டம்ளரைத் தட்டி மாமியை உட்காரவைத்தார். எனக்குப் பதில் சொல்லும் முறை வந்தது. "எதிரணித் தலைவர் அவர்களே, யாரும் பார்க்காத தையல் இருந்தா என்ன, இல்லேன்னா என்ன? என் சட்டைக்குள்ள பனியன்ல ஓட்டை இருக்கு. அதையும் ஒரு சிந்தனைன்னு சொல்லிடலாமா?" கூடமே சிரித்தது, மாமியும் சிரித்தார், தங்கைக்கே கொஞ்சம் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பதிலை யோசித்து முடிப்பதற்குள் அப்பா இரண்டாவது முறை தட்டிவிட்டார். வாதத்தில் வலுவாக நின்றது சோம்பல் கட்சியே என்று தீர்ப்பு வந்தது. "நடுவர் தீர்ப்பை ஏத்துக்கறேன்" என்று முறைப்படி சொன்னாள் தங்கை. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எதிர்வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு அந்த வெற்றி கொஞ்சமும் இனிக்கவில்லை.

அப்பாவின் கடைக்கு நெசவுக்காரர்கள் மாதிரிக்குப் போர்வை கொண்டுவந்தால், அவர் முதலில் செய்வது அதை உள்பக்கமாகத் திருப்புவதுதான். "மேல்பக்கம் விக்கிறவன் காட்டறது. உள்பக்கம் துணி காட்டறது" என்பார். திங்கட்கிழமையும் அப்படி ஏதோ ஒரு போர்வையைத் திருப்பியிருக்கிறார். அந்தக் கையோடு அவருக்கு நான் சொன்னது ஞாபகம் வந்திருக்கிறது. யாரும் பார்க்காத தையல் இருந்தா என்ன. தன் வாழ்நாள் முழுக்க அந்தத் தையலைப் பார்த்தே வியாபாரம் செய்தவர், அந்தக் கேள்விக்குச் சிரித்துத் தீர்ப்பும் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், "டேய், அந்த மெஷினை எடு" என்றார். தங்கைதான் ஓடிவந்தாள். அவளைத் தடுத்துவிட்டார். "நீ தொடக்கூடாது பாப்பா. நீ கட்சிக்காரி. அவன் எதிர்க்கட்சி, அவன் காட்டினாத்தான் அதுல சூது இருக்காது."

அப்படித்தான் என் அப்பாவுக்கு நான் வீடியோ கேம் சொல்லிக்கொடுத்தேன். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, மூட்டை விழக்கூடாது, விழுகிற மாதிரி ஆக வேண்டும். அது லேசான காரியம் இல்லை. எதிரியை மாற்றிப் பார்த்தோம், இடத்தை மாற்றிப் பார்த்தோம். "அடி கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சுடா" என்று ஒவ்வொரு தடவையும் தன் பிள்ளையை யாரோ அடித்ததுபோல் முகம் சுளிப்பார். வாரம் முழுக்க, கடையிலிருந்து வந்ததும் இதே வேலை. தங்கை அடுக்களை வாசலில் நின்று பார்ப்பாள், கிட்டே வரமாட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூட்டை சரியான அளவுக்கு அடி வாங்கி நின்றது. சாம்பல் முதுகில், புள்ளிப் புள்ளியாக, மேலிருந்து கீழே ஒரு கோடு தெரிந்தது. நானும் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். எனக்கு அது ஒரு கோடு, அவ்வளவுதான். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கருவியை மூக்கருகே கொண்டுபோனார்.

"மெஷின் தையல் இல்லடா. கைத்தையல். ஒண்ணு பெரிசா ஒண்ணு சின்னதா இருக்கு பாரு. முதுகுப் பக்கம் கை எட்டாது, எட்டாம இழுத்துத் தைச்சா இப்படித்தான் கோணும்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இது தன்னைத் தானே தைச்சிக்கிட்டிருக்குடா."

அந்த வேகத்தில் கருவியைப் பட்டென்று மூடியதில்தான் கீல் போனது. எனக்கு ஞாபகம் இருப்பது அது உடைந்த சத்தமும், அடுக்களை வாசலில் தங்கையின் முகமும். அவள் இத்தனை வருடம் அந்தத் தையலைப் பார்த்திருக்கிறாள், அது கோணலாக இருப்பதும் தெரியும். ஏன் கோணல் என்பது அவளுக்கும் அந்த நிமிடம்தான் தெரிந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே சபையை அப்பா திரும்பக் கூட்டினார். டம்ளரைத் தட்டிவிட்டு எழுந்து நின்றார். நடுவர் எழுந்து நிற்பது வழக்கமே இல்லை. "போன வாரம் நான் சொன்ன தீர்ப்பு தப்பு. சிரிப்பு வந்த பக்கம் சாய்ஞ்சிட்டேன். யாரும் திருப்பிப் பார்க்க மாட்டாங்கன்னு தெரிஞ்சும் ஒருத்தர் முதுகுப் பக்கத்தை ஒழுங்கா செஞ்சிருக்கார்னா அதுக்குப் பேர் சோம்பல் இல்லை. அதை ஒரு பொண்ணு திருப்பிப் பார்த்திருக்குன்னா, அது படிக்க வேண்டியது அந்த டிசைன் படிப்புதான்." மாடி வீட்டு மாமி, "நான் அன்னிக்கே சொன்னேனோல்லியோ" என்றார். இந்தத் தடவை அப்பா டம்ளரைத் தட்டி அவரை அடக்கவில்லை. "நடுவர் தீர்ப்பை ஏத்துக்கறேன்" என்று நான் எழுந்து சொன்னேன். அவ்வளவு மனசாரச் சொன்ன வாக்கியம் என் வாழ்க்கையில் குறைவு.

தங்கை படித்தாள். இப்போது பெங்களூரில், ஜந்துகளைப் பிடித்து வளர்க்கிற ஓர் ஆட்டத்தைச் செய்கிற குழுவில் இருக்கிறாள். அந்த ஆட்டம் வெளியானபோது, அதில் எதெல்லாம் நீ செய்தது என்று கேட்டேன். "எல்லாரும் திட்டற ஒண்ணு இருக்கும் அண்ணா. அது என்னோடது" என்றாள். கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. பிழிந்து போட்ட ஈரத்துணி மாதிரி ஒன்று, நடந்த இடமெல்லாம் சொட்டும். கோர்ட் கேன்டீனில் உட்கார்ந்து அதைப் பற்றி எழுதியிருப்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் படிப்பேன். இதை வரைந்தவர்கள் தூங்கிக்கொண்டே வரைந்தார்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பக்கத்திலிருந்த ஜூனியரிடம் காட்டி, "என் தங்கை செஞ்சது" என்றேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இந்தப் பொங்கலுக்கு அவள் வந்திருந்தாள். அப்பா கடையை விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. போனில் அவளுடைய ஆட்டத்தை இறக்கி வைத்திருக்கிறார், ஈரத்துணியைத் தவிர வேறு எதையும் வளர்ப்பதில்லை. முதுகு, அடிப்பக்கம், மழையில் ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை என்று திருப்பித் திருப்பிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. "பாப்பா, ஒரு குறிப்பாவது சொல்லேன்" என்றால், "கட்சிக்காரி சாட்சியைத் தொடக்கூடாதுப்பா" என்கிறாள். கனுப் பொங்கலன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கூடத்தில் இருந்தோம். என் மகள் தாத்தாவின் தோள்மேல் சாய்ந்து போனை எட்டிப் பார்த்தாள். அத்தை ஆட்டம் செய்கிறாள் என்று தெரியும், எது அத்தையுடையது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. "ஐய, இதையா வளர்க்கறீங்க தாத்தா? இது சும்மா ஒரு துணிக்குக் கண்ணு வரைஞ்சு வெச்சது. எங்க கிளாஸ்ல யாருக்கும் இது பிடிக்காது" என்றாள். என் வாய் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது. தங்கை கரும்பைக் கடித்தபடி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா எழுந்தார். அடுக்களைக்குப் போய் டம்ளரும் ஸ்பூனும் எடுத்துவந்தார். "எதிரணித் தலைவர் அவர்களே, எதிர்ல வந்து உட்காருங்க" என்று பேத்தியைப் பார்த்துச் சொன்னார். அவளுக்கு ஒரே குஷி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா எப்போதும் உட்காரும் நடு நாற்காலிக்குப் போவார் என்று பார்த்தால், என்னிடம் வந்து டம்ளரையும் ஸ்பூனையும் என் மடியில் வைத்தார்.

"நீ நடுவரா இருடா" என்றார். "நான் பேசணும்."

எத்தனை மேடைகள், எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். அவர் ஒரு கட்சியில் நின்று நாங்கள் பார்த்ததே இல்லை. அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். தங்கை கரும்பைக் கடிப்பதை நிறுத்திவிட்டாள். அப்பா கண்ணாடி அலமாரியைத் திறந்து, கேடயங்களுக்கு நடுவிலிருந்து டேப் சுற்றிய அந்தக் கருவியைப் பதனமாக எடுத்துக்கொண்டு வந்து, பேத்திக்கு எதிரே நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டார். நான் டம்ளரைத் தட்டினேன்.